ஒளியை முந்த ஓடியவர்கள்



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றதும் சோழர் கடற்படையும் கடாரமும் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவை நாம் பலமுறை படித்து மகிழ்ந்தவை. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பார்ப்போம். ஒளியை விட வேகமாகச் சென்று நட்சத்திரங்களைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர்களின் வரலாறு இது. அவர்களில் பேராசிரியர்கள் உண்டு, குமாஸ்தா உண்டு, காது கேளாத பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் உண்டு. வாத்தியாரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். இது பள்ளிக்கூட மலர் அல்லவா!

முதலில் தூரத்தை நினைத்துப் பாருங்கள். 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அமெரிக்கர்கள் அனுப்பிய வாயேஜர் 1 என்ற விண்கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போக அதற்குப் பன்னிரண்டு விநாடி போதும். நாம் தஞ்சோங் மாலிமைத் தாண்டுவதற்குள் எத்தனை தடவை பஸ்ஸில் தூங்கி விழுகிறோம்! அப்படிப்பட்ட வேகத்தில் போனாலும், சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு அருகில் இருக்கும் பிராக்சிமா என்ற நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 75,000 ஆண்டுகள் ஆகும். ஒளியே அங்கிருந்து இங்கு வர நாலேகால் ஆண்டு எடுத்துக்கொள்கிறது. ஆகவே, நட்சத்திரத்துக்குப் போக நினைப்பவன் யாராக இருந்தாலும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வான்: ஒளியை முந்த முடியாதா?

ஒளிக்கு வேகம் என்று ஒன்று உண்டா என்பதே 1676 வரை தீராத வழக்காக இருந்தது. பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த ஓலே ரோமர் என்ற டென்மார்க்குக்காரர், வியாழன் கிரகத்தைச் சுற்றும் ஐயோ என்ற நிலவின் கிரகணங்களைக் குறித்து வந்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் அந்தக் கிரகணங்கள் கணக்குக்குப் பிந்தி நிகழ்வதுபோல் தெரிந்தது. நிலவு தாமதிக்கவில்லை, அதன் ஒளி வந்து சேரத்தான் நேரமாகிறது என்றார் ரோமர். நவம்பர் 9ஆம் நாள் ஐயோ பத்து நிமிடம் தாமதமாகத் தோன்றும் என்று முன்கூட்டியே அறிவித்தார். அப்படியே நடந்தது. அவர் போட்ட கணக்கில் பிசகு இருந்தது உண்மைதான். பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார், உண்மையில் பதினேழு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் ஒளி நடந்துதான் வருகிறது என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. இன்று நாம் கொண்டிருக்கும் அளவு விநாடிக்கு 299,792 கிலோமீட்டர். பேச்சுக்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

சரி, ஒரு வேகம் என்று இருந்தால் அதை மிஞ்ச ஒரு வழியும் இருக்காதா? இதற்கு உலகம் முழுவதும் எத்தனையோ பேர் வீட்டில் உட்கார்ந்து வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பௌதிகப் பேராசிரியர்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் வராத நாளில்லை. அவற்றுள் சில உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானவை. சிரித்துவிட்டு ஒதுக்கத் தகாதவை. நீங்களே முயன்று பாருங்கள்.

பூமியிலிருந்து சந்திரன் வரை எட்டும் ஒரு நீண்ட இரும்புக் கம்பியைக் கற்பனை செய்யுங்கள். இந்த முனையை இங்கே தள்ளினால், அந்த முனை அதே கணத்தில் சந்திரனில் நகர வேண்டுமே? ஒளிக்கு ஒன்றேகால் விநாடிக்கு மேல் ஆகும் தூரத்தை நம் தள்ளல் கண நேரத்தில் கடந்துவிட்டதே! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரும்பு நாம் நினைப்பது போல் விறைப்பானதல்ல. நாம் தள்ளும்போது முதல் அணு அடுத்த அணுவைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, சபை கூடுமிடத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை முன்னால் இருப்பவனை இடித்தது போலத்தான் அந்தத் தள்ளல் போய்ச் சேரும். இரும்பில் அதன் வேகம் விநாடிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவு. சந்திரனில் உள்ள முனை அசைய ஏறத்தாழ 21 மணி நேரம் ஆகும்! காலையில் தள்ளினால் மறுநாள் விடியற்காலைக்கு முன்னால்தான் அங்கே நகரும்.

இன்னொன்று. ஒரு லேசர் விளக்கை எடுத்துச் சந்திரனின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூறில் ஒரு பங்கு விநாடியில் வீசுங்கள். சந்திரனின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். அந்த ஒளிப்பொட்டு விநாடிக்கு 347,400 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கும். ஒளியை முந்திவிட்டோம்! ஆமாம், பொட்டு முந்திவிட்டது. இதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பொட்டு ஒரு பொருள் அல்ல. இந்த ஓரத்தில் இருப்பவர் அதன் மேல் ஒரு சேதியை ஏற்றி அந்த ஓரத்துக்கு அனுப்ப முடியாது. ஒவ்வொரு ஒளித்துளியும் பூமியிலிருந்து தனித்தனியே புறப்பட்டுப் போனதுதான்.

மூன்றாவது வழி ரயில் வழி. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் போகும் கலத்துக்குள் நின்றுகொண்டு, அதே ஒன்பது பங்கு வேகத்தில் ஒரு பந்தை முன்னோக்கி எறிந்தால்? ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். ஐன்ஸ்டைனின் சூத்திரப்படிக் கூட்டினால் விடை நூற்றுக்கு 99.4 பங்குதான் வருகிறது. எத்தனை தடவை கூட்டினாலும் நூறு வராது.

“யாருங்க அந்த ஐன்ஸ்டைன்? அவரும் ஒரு குமாஸ்தாதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தமாகத் தத்துவம் படைப்போர் எல்லோரும் கையில் வைத்திருக்கும் துருப்புச் சீட்டு இது. 1905ஆம் ஆண்டில் அவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாந்தர அலுவலராக இருந்தது உண்மை. வயது 26. ஆனால் அவர் சூரிச் பாலிடெக்னிக்கில் முறையாகப் படித்துத் தேறியவர் என்பதையும், தம் கட்டுரையை ஜெர்மனியின் முதன்மையான பௌதிக ஏட்டுக்கு அனுப்பி மற்றவர்கள் சோதிக்கக் கொடுத்தார் என்பதையும் அந்தச் சீட்டை எடுத்து வீசுபவர்கள் சொல்லுவதே இல்லை.

அவர் சொன்னதை மற்றவர்கள் சும்மா விட்டுவிடவும் இல்லை. ஒரேயொரு சோதனையை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் வில்லியம் பெர்டோசி என்பவர் எலெக்ட்ரான்களை மேலும் மேலும் ஆற்றல் கொடுத்து ஓடவிட்டு, 8.4 மீட்டர் தூரத்தைக் கடக்க அவற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். 1964இல் முடிவுகள் அச்சில் வந்தன. நியூட்டன் காலத்துக் கணக்குப்படி, அவர் கொடுத்த மிக அதிகமான ஆற்றலுக்கு எலெக்ட்ரான் ஒளியைப் போல் ஏழு மடங்குக்கு மேல் பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை. ஆற்றலைக் கூட்டக் கூட்ட வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கி நெருங்கிப் போய், அங்கேயே நின்றுவிட்டது. கொடுத்த ஆற்றல் எங்கே போயிற்று? எலெக்ட்ரான் மோதிய தட்டில் உண்டான சூட்டை அளந்தார்கள். ஆற்றல் அத்தனையும் அதில் இருந்தது! எலெக்ட்ரான் ஆற்றலை வாங்கிக்கொண்டது, வேகத்தை மட்டும் கூட்டிக்கொள்ளவில்லை.

இப்போது நம் வாத்தியாரிடம் வருவோம்.

கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1857ஆம் ஆண்டு ரஷ்யாவில் ரியாசான் மாநிலத்து இஷெவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போது செங்காய்ச்சல் கண்டது. உயிர் தப்பியது, காது போயிற்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வது கேட்காது. சில ஆண்டுகளில் தாயாரும் இறந்துவிட்டார். படிப்பு நின்றது. இத்தனைக்கும் பிறகு பதினாறு வயதில் பையன் தனியாக மாஸ்கோவுக்குப் போனான். கல்லூரியில் சேர அல்ல. நூலகத்தில் உட்கார்ந்து படிக்க!

மூன்று ஆண்டுகள் அந்த நூலகமே அவருக்குக் கல்லூரி. நிக்கொலாய் ஃபியோதரொவ் என்ற நூலகர் பையனைக் கவனித்துப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். வீட்டிலிருந்து வரும் காசில் ரொட்டிக்கு மாதம் 90 கொப்பெக் மட்டும் செலவழித்தாராம். மிச்சமெல்லாம் புத்தகத்துக்கும் இரசாயனப் பொருள்களுக்கும் போயிற்று. கணிதம், பௌதிகம், வானியல் எல்லாம் கேட்டுப் படித்ததல்ல, பார்த்துப் படித்தவை. பசியாறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். பசியாறாமல் நூலகத்துக்குப் போன பிள்ளை இவர்.

பிறகு ஆசிரியர் தேர்வு எழுதித் தேறி, 1880இல் போரோவ்ஸ்க் என்ற சிற்றூரில் கணக்கு வாத்தியாராக அமர்ந்தார். தகரத்தில் தாமே புனல் போல் ஒரு குழாய் செய்து காதில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் சொல்வதைக் கேட்பார். ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி. மறு ஆண்டே வாயுக்களின் இயக்கத்தைப் பற்றித் தாமே கண்டறிந்த ஒரு கொள்கையை எழுதிப் பீட்டர்ஸ்பர்க் நகரத்து பௌதிக இரசாயனக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார்.

பதில் வந்தது. அந்தக் கொள்கை சரிதான், ஆனால் 25 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது!

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சிற்றூரில் உட்கார்ந்து, கேட்காத காதோடு, இராக் கண்விழித்து எழுதிய ஒன்றைத் தலைநகரத்துப் பெரியவர்கள் படித்துவிட்டு, “இது பழசு” என்கிறார்கள். அந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. ‘பெரிய இடத்துக்காரர்கள் நம்மை வளர விடமாட்டார்கள்’ என்று சொல்லி வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பல பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எழுதியதை யாரும் திருத்தியதில்லை, திருத்த அவர்கள் விட்டதுமில்லை. சியோல்கோவ்ஸ்கி அந்தப் பதிலை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நாம் தனியாகக் கண்டது உலகம் கண்டதோடு ஒத்துப் போகிறதென்றால், நம் கணக்குப் போடும் முறை சரி என்றுதானே அர்த்தம்? அந்தக் கழகமும் அவரைத் தள்ளவில்லை. மெண்டலீவ் போன்ற மேதைகள் அதில் இருந்தார்கள். மேலும் எழுதும்படி ஊக்கம் கொடுத்தார்கள்.

1892இல் கலுகா நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கேதான் சாகும்வரை இருந்தார். பொருள்களின் மீது காற்று எப்படி மோதுகிறது என்று பார்க்கத் தம் வீட்டிலேயே 1897இல் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார். ரஷ்யாவில் அதுவே முதல் என்கிறார்கள். விஞ்ஞான அக்கடமி அவருக்கு 470 ரூபிள் உதவித்தொகை கொடுத்தது. அந்தக் காசுக்கு அவர் செய்த சோதனைகளைப் பார்த்தால், இன்று கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு அறிக்கை மட்டும் எழுதுபவர்களுக்கு வெட்கமாக இருக்கும். 1908இல் வெள்ளம் வந்து வீட்டுக்குள் புகுந்து அவருடைய காகிதங்களில் பலவற்றை நாசம் செய்தது. இருந்ததை உலர்த்தி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது 1903ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக. விண்வெளியைப் புகைபோக்கிக் கருவிகளால், அதாவது ராக்கெட்டுகளால், ஆராய்வது பற்றியது அது. அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் ஆகாய விமானம் முதன்முதலில் 12 விநாடி பறந்தது அந்த ஆண்டின் டிசம்பரில்தான். அதற்கு முன்பே இவர் திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்துப் பூமியை விட்டுப் போகும் வழியைக் கணக்கோடு எழுதிவிட்டார்.

அந்தக் கணக்கு மிகவும் எளியது. ராக்கெட் பின்னால் கக்கும் புகையின் வேகம் ஒன்று. எரிபொருளோடு சேர்ந்த எடை, எரிபொருள் தீர்ந்த பிறகு உள்ள வெற்று எடையைப் போல் எத்தனை மடங்கு என்பது மற்றொன்று. இந்த இரண்டும் தெரிந்தால் கடைசியில் என்ன வேகம் கிடைக்கும் என்று சொல்லிவிடலாம். மொத்த எடை வெற்று எடையைப் போல் 2.72 மடங்கு இருந்தால் புகையின் வேகமே ராக்கெட்டுக்கும் கிடைக்கும். அதைப்போல் இரண்டு பங்கு வேகம் வேண்டுமானால் 7.4 மடங்கு எடை வேண்டும். மூன்று பங்குக்கு 20 மடங்கு. இப்படியே போகும்.

அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1957ஆம் ஆண்டில், நம் மலாயா சுதந்திரம் பெற்ற 34ஆம் நாள், அக்டோபர் 4ஆம் தேதி, 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், நம் நாட்டு ஷேக் முஸபார் சுக்கோர் பைக்கனூரிலிருந்து சோயுஸ் கலத்தில் ஏறிப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே, அந்த ராக்கெட்டுக்கு எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்பதும் இந்தக் கலுகா வாத்தியாரின் சூத்திரப்படிதான்.

ஆனால் அதே சூத்திரத்தை நட்சத்திரப் பயணத்துக்குப் போட்டுப் பாருங்கள். வேடிக்கை அப்போது தெரியும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்து வெளியேறும் புகையின் வேகம் விநாடிக்கு நாலரை கிலோமீட்டர். ஒளியின் வேகம் வேண்டாம், அதில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மொத்த எடை வெற்று எடையைப் போல் எத்தனை மடங்கு இருக்க வேண்டும்? ஒன்று எழுதி அதன் பின்னால் சுமார் 2,890 சுழியங்கள் போட வேண்டும். நம் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டிய பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள அணுக்களை எண்ணினாலே சுமார் 80 சுழியங்கள்தான் வரும். ஒரே ஒரு குண்டூசியை அந்த வேகத்தில் அனுப்பவும் பிரபஞ்சத்தில் எண்ணெய் காணாது! நிலாவுக்குப் போகக் கதவைத் திறந்துவிட்ட அதே சூத்திரம் நட்சத்திரங்களுக்குப் போகும் கதவைப் பூட்டிவிட்டது. குறைந்தபட்சம் நெருப்பை மூட்டிப் போகிறவர்களுக்கு.

வாத்தியாரின் மனம் இதை ஒப்பியதா? அவருக்கு மனிதன் நட்சத்திரமெல்லாம் குடியேற வேண்டும் என்பது வெறும் ஆசையல்ல, அது ஒரு விரதம் மாதிரி. ஆகவே ஐன்ஸ்டைன் ஒளியின் வேகத்தை எல்லையாக வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அது, உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்ற கதையின் இன்னொரு வேஷம் என்கிற மாதிரி எழுதினார். அப்படி எழுதியது 1935இல், அவர் காலமான அதே ஆண்டில்.

எனக்கு இந்த மனிதரிடம் இருக்கும் மதிப்பு இதனால் குறையவில்லை. ஆனால் வித்தியாசத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ராக்கெட் விஷயத்தில் அவர் எண்களை எழுதினார். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லலாம். ஒளி விஷயத்தில் எண் இல்லை, விருப்பம்தான் இருந்தது. ஒரே தலை, ஒரே பேனா, அதே கலுகா நகரம். இவருடைய முதல் எழுத்தை வைத்து ராக்கெட் கட்டினார்கள். இரண்டாவது எழுத்தை வைத்து ஒன்றும் கட்ட முடியவில்லை. படிக்காதவன் சொன்னது, படித்தவன் சொன்னது என்று பார்ப்பதைவிட, இப்படிப் பார்ப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

எரிபொருள் இல்லாமலே போக முடிந்தால் இந்தச் சுழியத் தொல்லை இல்லையே என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்களில் பேர் பெற்றவர் அமெரிக்காவின் நார்மன் டீன். விஞ்ஞானி அல்ல. சுழலும் எடைகளை வைத்து, எதையும் பின்னால் தள்ளாமலே முன்னால் போகும் யந்திரம் செய்ததாகச் சொன்னார். 1959இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஜான் கேம்பல் என்ற பத்திரிகாசிரியர் 1960இல் தம் விஞ்ஞானக் கதை ஏட்டில் இதைத் தூக்கிவைத்துப் பேசினார். நீர்மூழ்கிக் கப்பலில் இதைப் பொருத்தினால் செவ்வாய்க்கே போகலாம் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. அந்த யந்திரம் ஏன் நகர்ந்தது என்று தெரிய வேண்டுமா? ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றாமல், உடம்பை முன்னால் மெதுவாகவும் பின்னால் வெடுக்கென்றும் ஆட்டிப் பாருங்கள். பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தரையின் உராய்வுதான் உங்களுக்கு உதவி. விண்வெளியில் தரை ஏது? காப்புரிமை என்பது யந்திரம் வேலை செய்கிறது என்பதற்குச் சான்றிதழ் அல்ல என்பதையும் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது. பிற்காலத்தில், 2001 முதல், இங்கிலாந்துப் பொறியாளர் ரோஜர் ஷாயர் செம்புக் கூம்புக்குள் நுண்ணலைகளை அடைத்து இதே மாதிரி ஒன்றைச் சொன்னார். நாசாவில் ஒரு குழு 2016இல் சிறிதளவு உந்தல் இருப்பதாகவே எழுதிற்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மார்ட்டின் டஜ்மர் குழுவினர் மிக நுட்பமாக அளந்து, அது சூட்டினால் கருவி விரிந்த கோளாறு என்று 2021இல் காட்டிவிட்டார்கள்.

இனி நம்மவர் ஒருவர். நம்மவர் என்றால் கோட்டயம் பக்கத்து மலையாளி. ஆனால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1980களில் சென்னையின் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். ஆகவே கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். ஜார்ஜ் சுதர்சன் என்ற அந்தப் பேரறிஞர் 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பிறக்கும்போதே ஒளியை விட வேகமாக இருக்கும் துகள்கள் இருந்தால்? அவை சுவரைத் தாண்டவே வேண்டியதில்லையே! இதற்குச் சுதர்சன் சொல்லும் உவமை அழகானது. இந்தியாவில் உள்ள ஒருவன், இமயமலையை யாராலும் ஏறிக் கடக்க முடியாது, ஆகவே அதற்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அங்கே இருப்பவர்கள் அங்கேயே பிறந்தவர்கள் அல்லவா!

ஜெரால்டு ஃபைன்பர்க் என்ற அமெரிக்கர் 1967இல் இத்துகளுக்கு டேக்கியான் என்று பெயர் வைத்தார். வேகம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். இதன் குணம் விசித்திரமானது. ஆற்றலை இழக்க இழக்க இது மேலும் வேகமாக ஓடும். இதை வைத்துச் சேதி அனுப்ப முடிந்தால், சிலருடைய கண்ணுக்குப் பதில் கேள்விக்கு முன்னாலேயே வந்து சேரும். பரீட்சை எழுதும் முன் முடிவு தெரிந்துவிடும் என்று சந்தோஷப்படாதீர்கள். பௌதிகம் கவலைப்பட்டதே அதற்குத்தான். டேக்கியானைத் தேடி 1960களிலிருந்தே சோதனைகள் நடந்தன. இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. சுதர்சன் 2018இல் காலமானார். அவருடைய மற்ற ஆராய்ச்சிகள் பல காலத்தை வென்று நிற்கின்றன. டேக்கியான் இன்னும் கணக்கில்தான் இருக்கிறது.

சுவரைத் தாண்ட வேண்டாம், சுவரையே நகர்த்தலாமே என்று யோசித்தவர் மெக்சிகோ நாட்டு இளைஞர் மிகேல் அல்குபியேர். பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில் இருந்தபோது, தொலைக்காட்சியில் வந்த ஸ்டார் டிரெக் தொடரின் விண்கலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். விமான நிலையத்தில் நகரும் நடைபாதையைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் சும்மா நிற்பவனும் முன்னால் போகிறான். அது போல், கலத்துக்கு முன்னால் உள்ள வெளியைச் சுருக்கி, பின்னால் உள்ளதை விரித்துவிட்டால், கலம் தன் இடத்தில் அசையாமல் இருந்தபடியே தூர தேசம் போய்ச் சேரும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கை இதைத் தடுக்கவில்லை! இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் உலகில் எத்தனையோ பேர் ‘நட்சத்திரப் பயணம் வந்துவிட்டது’ என்று துள்ளினார்கள். நாசாவும் 1996 முதல் 2002 வரை இப்படிப்பட்ட யோசனைகளை ஆராய ஒரு சிறு திட்டம் வைத்திருந்தது.

தடை எங்கே என்றால், இதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும். பூஜ்யத்துக்கும் குறைந்த ஆற்றல். கடன் மாதிரி. 1997இல் ஃபெனிங், ஃபோர்டு என்ற இருவர் கணக்குப் போட்டபோது, காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள பொருளைப் போல் பல கோடி மடங்கு அது தேவைப்பட்டது. 1999இல் வான் டென் புரூக் என்பவர் குமிழியின் வடிவத்தை மாற்றி அதைச் சில சூரியன்களின் எடைக்குக் குறைத்துக் காட்டினார். குறைத்தது பெரிய சாதனைதான், ஆனாலும் வாங்கக் கடை இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒளியை மிஞ்சி ஓடும் குமிழிக்குள் இருப்பவர் அதன் முன்பக்கத்துக்கு எந்தச் சைகையும் அனுப்ப முடியாது. சுக்கானும் பிரேக்கும் இல்லாத லோரியில் ஏறின கதை. இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அல்குபியேரின் எதிரிகள் அல்ல, அவருடைய கட்டுரையை ஊன்றிப் படித்தவர்கள்.

முடிக்கும் முன் 2011இல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்துக்கு, பூமிக்குள்ளாகவே சுமார் 730 கிலோமீட்டர் தூரம், நியூட்ரினோ என்ற நுண்துகள்களை அனுப்பி வந்தார்கள். ஓபரா என்ற குழு அவை வந்து சேரும் நேரத்தை மூன்றாண்டுக் காலம் அளந்து பார்த்தது. ஒளி வரவேண்டிய நேரத்துக்கு 60 நானோ விநாடி முன்னதாகவே அவை வந்துகொண்டிருந்தன! ஒரு விநாடியை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் அறுபது பங்கு. ஓட்டப் பந்தயத்தில் ஒளியை 18 மீட்டர் வித்தியாசத்தில் ஜெயித்த மாதிரி.

அந்தக் குழுவினர் பெரும் படிப்பாளிகள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள். மாதக்கணக்காகத் தங்கள் கணக்கில் பிழையைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. செப்டம்பர் 23ஆம் நாள் உலகத்தைக் கூட்டி வைத்துச் சொன்னார்கள். ஐன்ஸ்டைனைத் தோற்கடித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு இப்படி வருகிறது, எங்கே தப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் சொன்னார்கள். பத்திரிகைகள்தான் ஐன்ஸ்டைன் தோற்றார் என்று கொட்டை எழுத்தில் போட்டன.

சில மாதங்களில் தப்பு அகப்பட்டது. நேரச் சைகையைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி ஒன்று, கருவியோடு சேரும் இடத்தில் சரியாகத் திருகி இறுக்கப்படாமல் இருந்திருக்கிறது. அவ்வளவுதான். 2012 பிப்ரவரியில் அதையும் அவர்களே அறிவித்தார்கள். மார்ச்சில் குழுவின் தலைவர்களில் இருவர் பதவி விலகினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கம்பியை இறுக்கினார்கள். துகள்களைப் புதிதாக அனுப்பினார்கள். அதே மலைக்கு அடியில் இருந்த மற்றக் குழுக்களும் தங்கள் கருவிகளால் தனித்தனியே அளந்தன. ஜூன் மாதம் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் நடந்த நியூட்ரினோ மாநாட்டில் முடிவுகளை வாசித்தார்கள். 730 கிலோமீட்டர் ஓடி வந்த நியூட்ரினோக்கள், எல்லாக் குழுக்களின் கடிகாரத்திலும், ஒளி வரவேண்டிய நேரத்துக்கே வந்து சேர்ந்திருந்தன.